நான்கு விரல் சாய்வு

மணி பதினொன்றே முக்கால். ராத்திரி இல்லை... பகல். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? உச்சி வெயிலில், நிழல் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும் நேரத்தில், ஆமத்தூரைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்குப் போகும் மண்பாதையில் ஒரு தடவை தனியாக நின்று பாருங்கள். அப்புறம் பேசலாம்.

கரண்டு வந்து அச்சு மிஷின் ஓட எப்படியும் ஒரு மணி நேரமாகும். காலண்டர் கட்டுகளை இழுத்துப் போட்டு நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துவிடட்டும். நடுவில் எவனாவது செல்போன் வெளிச்சம் அடித்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

இது என் கூட்டாளி பெத்தணனின் மச்சான் முனியராஜுக்கு நடந்தது. பெத்தணனின் தங்கையைக் கட்டியவன். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஜெனரேட்டர், மோட்டார், கதவு, தாழ்ப்பாள் என்று எது பழுதானாலும் அவன்தான் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் அன்றைக்கு ஒரு பிக்கப் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது பெத்தணன். பக்கத்தில் முனியராஜ். வண்டிக்குப் பின்னால், இரண்டு சக்கர டிரெய்லரில் தார்ப்பாய் போர்த்திய ஒரு படகு.

ஆமாம், படகுதான். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் படகு! அந்தப் பைத்தியம் கம்பெனியின் சின்ன முதலாளி ஸ்ரீராம்குமாருக்குப் பிடித்தது. பழைய காலத்துச் சின்ன வேகப் படகுகள் என்றால் அவருக்கு உயிர். கொச்சியில், கோவாவில் அவரைப் போலவே நாலைந்து கிறுக்கர்கள் இருந்தார்கள். போனில் ராப்பகலாகப் படம் அனுப்பிக்கொள்வார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தின ஒரு படகு கொச்சிப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் கோழி அடைக்கக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, லாரி பிடித்துக் கொண்டுவந்து ஜெனரேட்டர் ஷெட்டில் இறக்கினார். பதினைந்து அடி நீளம். இடுப்பு உயரம்கூட இல்லை. உள்ளே இரண்டே இருக்கை. பின்பலகை உளுத்து, விரலால் குத்தினால் உள்ளே போனது.

"ஏலே முனியா, இத ஓட வைக்கணும்."

முனியராஜ் முதலில் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் தொட்டான். தொட்டவன் விடவில்லை. படகைக் கவிழ்த்துப் போட்டபோது அடிப்பக்கத்தின் நடுவில் கத்தி முனைபோல ஓடிய கோட்டையும், இரண்டு பக்கமும் இருந்த விளிம்புகளையும் தடவிப் பார்த்தான். வேகம் எடுத்தால் இந்த விளிம்புகள்தான் படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும், கடைசி நாலடி மட்டும்தான் தண்ணீரில் உரசும் என்று சின்ன முதலாளி சொன்னபோது, அவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போவதே குறைந்தது. உளுத்த பலகையைச் சுரண்டி எடுத்தான். பைபர் துணியை ரெசினில் நனைத்து அடுக்கு அடுக்காக ஒட்டினான். பின்னால் தொங்கும் பழைய எஞ்சினைப் பிரித்து, கிடைக்காத கேஸ்கெட்டைத் தீப்பெட்டி அட்டையில் வெட்டிப் போட்டான். பதினாலு மாதம்.

படகு வளர வளர இரண்டு பேருக்கும் ஆகாமல் போனது. ஒரு புருஷனுக்கு இரண்டு பெண்டாட்டி என்றால் எப்படியோ, அப்படி. சின்ன முதலாளி வந்து கைவைத்தால் முனியராஜுக்கு உடம்பு எரியும். முனியராஜ் அதன் மேல் சாய்ந்து நின்றால் சின்ன முதலாளிக்கு முகம் கறுக்கும். ஒரே ஒரு வாக்கை வைத்துத்தான் முனியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தண்ணீரில் இறக்குகிற அன்றைக்கு முதல் சுற்று அவன் ஓட்டலாம். சின்ன முதலாளி வாயால் சொன்ன வாக்கு.

இப்போது மாரித்தாயைச் சொல்ல வேண்டும்.

மாரித்தாய் முனியராஜின் அக்கா. அதே கம்பெனியில் ஒன்பதாம் நம்பர் ரூமில் வெடிமருந்து கலக்குகிறவள். மருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசலுக்கு முன்னால் சிமெண்டுத் தூணில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் தங்கியிருக்கிற கரண்டு அதன் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி... அது போதும். மாரித்தாய் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டுவாள். டப்... டப். இருபது வருடப் பழக்கம். வீட்டுக்குள் நுழையும்போதும் கதவை இரண்டு தட்டு, பஸ்ஸில் ஏறும்போதும் தகரத்தில் இரண்டு தட்டு. கண்டக்டர் தட்டுகிறார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

போன ஆடி மாதம். படகுக்குக் கடைசிப் பூச்சு பூச வேண்டும். அந்தக் காலத்துப் படகுகளில் பெயிண்டுக்குள் ஜிகினாப் பொடி கலந்திருக்கும். வெயிலில் நின்றால் கண் கூசும். அந்தப் பொடிக்கு எங்கே போவது? வெளியூர்க்காரன் என்றால் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பட்டாசுக் கம்பெனிக்காரனுக்கு அலுமினியப் பொடிக்கா பஞ்சம்? முனியராஜ் அக்காவிடம் கேட்டான். அவள் வாயில் வந்தபடி ஏசினாள். ஏசிவிட்டு, ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தா, கொண்டுபோய்ப் பூசு. பொழப்பத்த பய. ஆனா ஒண்ணு, எங்க ரூம் தகடு ஆடுது. நட்டு கழண்டு கெடக்கு. தொட்டா கடகடங்குது. நாளைக்கு வந்து முடுக்கிவிட்டுரணும்."

"முடுக்கிவிடுதேன்க்கா."

பொடியை வாங்கினான். தகட்டை மறந்தான். மறுநாளும் கேட்டாள். "நாளைக்கு" என்றான்.

மூன்றாம் நாள், முற்பகல். ரெசினில் ஹார்டனரும் பொடியும் கலந்து கையில் எடுத்துவிட்டான். எடுத்தால் இருபது நிமிடம்தான். அதற்குள் பூசி முடிக்க வேண்டும், இல்லையென்றால் வாளியிலேயே கல்லாகிவிடும். ஷெட் வாசலில் மாரித்தாய் வந்து நின்றாள். முழங்கை வரை வெள்ளியாக மருந்து. கையில் பாதி தின்ற வாழைப்பழம். மருந்து கலக்குகிறவர்களுக்குக் கம்பெனியில் தினமும் வாழைப்பழமும் கருப்பட்டியும் கொடுப்பார்கள். காலில் நீலச் செருப்பு. வலது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

"வாலே. ஒரு நிமிசம். பதினேழு நம்பர் ஸ்பானர எடுத்துட்டு வா."

"கையில ரெசின் இருக்கு, தெரியலயா? நாளைக்கு."

"மூணு நாளா நாளைக்குங்க. ஒனக்கு அந்தப் படகு. எனக்கு இது உசுருடா."

"நாளைக்குன்னா நாளைக்குத்தான். போக்கா அங்கிட்டு!"

போய்விட்டாள். அவன் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பூசிக்கொண்டிருந்தான். அறுபது அடி தூரத்தில் தகட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. டப்... டப். பின்னாலேயே தகடு ஆடும் சத்தம்... கடகட... கடகட.

அப்புறம் பூமி ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது.

அன்றைக்கு உள்ளே அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ரூம் இல்லை. தூண் மட்டும் நின்றது. தூணுக்குப் பக்கத்தில் அவள் கழற்றிப் போட்ட நீலச் செருப்பு, ஒரு கீறல் இல்லாமல். அந்தச் செருப்பை முனியராஜ் தன் கையாலேயே சிதையில் போட்டான். அது எரிந்து உருகி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான்.

உராய்வால் விபத்து என்று எழுதினார்கள். தகட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அக்கா மூன்று நாளாகக் கேட்டது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா போய்விட்டாள். இனி அது வெளியே வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. வந்தால் அக்கா பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பான்?

அவனே சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. கேட்டால் உங்களுக்கு அவன் மேல் கோபம் வரும். எனக்கு வந்தது. வெடித்த அன்று சாயங்காலம், புகை அடங்காத நேரத்தில், ஷெட்டுக்குள் போனான். பூச்சு காய்ந்திருந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு வழிசல் இல்லை. எம்புட்டு நல்லா வந்திருக்கு என்று அந்த நேரத்திலும் அவன் மனசு சொன்னது. தூ!

அந்தப் படகுதான் நாலு மாதம் கழித்து, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்தது.

கரையில் ஈ காக்கை இல்லை. சின்ன முதலாளி காரில் முன்னாலேயே வந்து நின்றார். புதுக் கண்ணாடி, அரை டவுசர். டிரெய்லரோடு பின்னால் தள்ளிப் படகைத் தண்ணீரில் விட்டார்கள். தார்ப்பாயை உருவியதும் வெயில் அதன் மேல் விழுந்தது. பெத்தணன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

முனியராஜ் உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தான். இரண்டு இருமல்... நீலப் புகை... பிடித்துக்கொண்டது. வலது பக்கம் ஸ்டியரிங். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்தால் படகு வலப்பக்கம் நான்கு விரல் சாயும். இரண்டு பேர் உட்கார்ந்தால் நேராக நிற்கும். கரையோரம் மிதக்க விட்டு அதைக் கை வைத்து அளந்து வைத்துக்கொண்டான். அந்தப் படகின் ஒவ்வொரு அசைவும் அவனுக்கு அத்துப்படி ஆக வேண்டும்.

"எறங்குலே," என்றார் சின்ன முதலாளி.

"மொதலாளி... மொதச் சுத்து நான்னு சொன்னீக."

"சொன்னேன். இப்ப நான் போறேன். நீ கரையில நில்லு."

"பதினாலு மாசம் மொதலாளி."

"சம்பளம் வாங்கிட்டுத்தானலே செஞ்ச? அப்பறம் என்னத்துக்கு நிக்க? எறங்கு!"

இறங்கினான். சின்ன முதலாளி ஏறி ஸ்டியரிங் பக்கம் உட்கார, படகு வலப்பக்கம் சாய்ந்தது. முனியராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆத்திரத்தோடு அதைத் திருப்பிவிட்டான். மணி சரியாகப் பன்னிரண்டு. ஆமத்தூர்ப் பக்கம் ஏதோ கோயிலில் மணி அடித்தது.

அப்போது கேட்டது.

படகின் இடது பக்கத்தில்... தண்ணீர்ப் பக்கமாக... டப்... டப்.

உள்ளங்கையால் தட்டிய சத்தம். இரண்டே தடவை. படகு லேசாக ஆடியது. வலப்பக்கம் சாய்ந்திருந்த விளிம்பு மெதுவாக எழுந்து... நேராக நின்றது.

சின்ன முதலாளி எதையும் கவனிக்கவில்லை. கியரைத் தட்டினார். முனியராஜ் வாயைத் திறந்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவர் நிறுத்தியிருப்பார். போடவில்லை. ஏன் போடவில்லை என்று பிற்பாடு வண்டியில் அவனே சொன்னது இதுதான்: "மொதச் சுத்து வேணும்னு கேட்டாருல்ல. போகட்டும்னு விட்டேன்."

படகு போனது. ஐயோ, அது போன அழகைப் பெத்தணன் சொல்லிக் கேட்க வேண்டும். மூக்கைத் தூக்கியது, பிறகு தாழ்ந்தது, பிறகு முழுதாகத் தண்ணீருக்கு மேலே எழுந்து, வால் மட்டும் உரசப் பறந்தது. பின்னால் வெள்ளைக் கோடு. முனியராஜுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் கை செஞ்சது, என் கை செஞ்சது என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தான். அக்காவின் கையிலிருந்து வந்த பொடி தண்ணீருக்கு மேலே தகதகவென்று மின்னியது.

நடுக் கண்மாயில் சத்தம் குறைந்தது. படகு தாழ்ந்து உட்கார்ந்தது. அங்கேயே நின்றது. எஞ்சின் மட்டும் மெதுவாக... டுக் டுக் டுக்...

சின்ன முதலாளி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காலி இருக்கையை. ரொம்ப நேரம். நடுவில் ஒரு தடவை தலையை ஆட்டினார், யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல.

திரும்பிய படகு நடக்கிற வேகத்தில்தான் வந்தது. சாய்வே இல்லை. கரையை நெருங்கியதும் அவர் எஞ்சினை அணைக்காமல் அப்படியே தண்ணீரில் குதித்தார். தவழ்ந்து கரையேறினார். புதுக் கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

முனியராஜ் அவரைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தான். ஆளில்லாத படகு இப்போது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. நான்கு விரல்.

"ஏலே முனியா..." சின்ன முதலாளிக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. "என்னத்தலே நாளைக்கு நாளைக்குன்ன?"

முனியராஜ் இரண்டு எட்டு பின்னால் போனான்.

"தகடு ஆடுதாம்லே. இன்னைக்காவது வந்து முடுக்கச் சொல்லுது. பதினேழு நம்பர் ஸ்பானர எடுத்துட்டு வரணுமாம்..." மூச்சு வாங்கியது அவருக்கு. "எந்தத் தகடுலே? என்ன சொல்லுது அது?"

முனியராஜ் பிக்கப்பில் போய் ஏறினான். டூல்ஸ் பெட்டியிலிருந்து அந்த ஸ்பானரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், வண்டிய எடு. கம்பெனிக்கு."

"இப்பவா? படகு...?"

"அவ வாறதுக்குள்ள எடு மச்சான்."

பெத்தணன் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமி நகரப் போன நேரம்... பின்பக்கத் தகரக் கதவில்...

டப்... டப்.

கண்ணாடியில் பார்த்தான் பெத்தணன். பின்னால் யாரும் இல்லை. வாடை மட்டும் வந்தது. நனைந்த மருந்தின் கந்தக வாடை, கூடவே கனிந்த வாழைப்பழ வாடை. கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது. அந்த ஆறு கிலோமீட்டர் வழியில்தான் முனியராஜ் எல்லாவற்றையும் சொன்னான். டப்பா, நட்டு, மூன்று தடவை சொன்ன "நாளைக்கு", அந்தச் செருப்பு, காய்ந்த பூச்சு... ஒன்று விடாமல். பெத்தணனிடம் சொன்னானா, பின்னால் இருந்தவளிடம் சொன்னானா, தெரியாது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பெத்தணன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"முடுக்கிட்டா போயிருமா மாப்ளே?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டது அதத்தான. அன்னைக்கே செஞ்சிருக்கணும்."

கம்பெனியில் ஞாயிறு லீவு. பின்பக்கக் கேட் சாவி முனியராஜிடம் இருந்தது. திறந்து உள்ளே போனான். ஒன்பதாம் ரூமைச் சுற்றி ஆளுயர மண்மேடு. அதற்கு அந்தப் பக்கம் போய் மறைந்தான். பெத்தணன் இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

முதலில் தகடு ஆடும் சத்தம். கடகட... கடகட. அப்புறம் ஸ்பானர். கிரீச்... கிரீச்... கிரீச். துருப்பிடித்த நட்டு இறங்குகிற சத்தம். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு முக்கல். கடைசியில் அது நின்றது. இரும்பு தரையில் விழுந்த சத்தம் ஒன்று.

பிறகு தகட்டைத் தட்டும் சத்தம். டப்... டப். கெட்டியாக. ஆடவில்லை.

அப்பாடா, முடிந்தது என்று பெத்தணன் மூச்சு விட்டான். விட்ட மூச்சு வெளியே வருவதற்குள்... இன்னொரு தடவை கேட்டது.

டப்... டப்.

இது வேறு கை. கனமான ஆம்பளைக் கை.

"மாப்ளே!" என்று கத்தினான். இன்னும் சத்தமாகக் கத்தினான். காக்கைகூடப் பறக்கவில்லை. அதற்குமேல் எப்படி இறங்கினான், எப்படி மண்மேட்டைச் சுற்றி ஓடினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

அங்கே ஆள் இல்லை. சுற்றிலும் மண்மேடு, நடுவில் ரூம் இருந்த இடத்தில் கருகிய தரை. வெளியே வர ஒரே வழி, அந்த வழியாகத்தான் பெத்தணன் நுழைந்திருந்தான். தூணில் தகடு இறுகி இருந்தது. கீழே ஸ்பானர் கிடந்தது. தொட்டான், இன்னும் சூடு இருந்தது.

போலீஸ் வந்தது. கிணறு, காடு எல்லாம் தேடினார்கள். பெத்தணனின் தங்கை இன்னும் தாலியைக் கழற்றவில்லை. சின்ன முதலாளி இப்போது படகு என்று யாராவது சொன்னாலே எழுந்து போய்விடுகிறார். அது கண்மாயிலேயே கிடக்கிறது. தொட ஆளில்லை. தண்ணீர் வற்றி வருகிறது. இடப்பக்கம் சாய்ந்துதான் கிடந்தது என்கிறார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து, இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி, நேராக நிற்கிறது.

போலீசிடம் பெத்தணன் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான், அதுவும் குடித்துவிட்டு.

தூணுக்குப் பக்கத்தில், ரூமுக்குள் போகிறவர்கள் கழற்றிவிடுகிற இடத்தில், முனியராஜின் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. அதை ஒட்டி இன்னொரு ஜோடி. நீலம். வலது வாரில் ஊக்கு.

இரண்டு ஜோடியும் ஈரமாக இருந்தன.